நீலப் பறவைக் கோப்பையும் என் மச்சானும்

பழைய பீங்கான் சேர்க்கிறவன் வீட்டில் கோப்பை உடைவதற்கு முதல் உறவு உடையும். என் வீட்டில் முதலில் உடைத்தவன் என் மனைவி தனத்தின் தம்பி கிருபா. பெயரை ஒளிக்க மாட்டேன். அவனும் செய்ததை ஒளிக்கவில்லை. தன் வீட்டு ஹோல் சுவரில் எல்லோரும் பார்க்கத்தான் தொங்கவிட்டிருக்கிறான்.

தபால் முத்திரை, நாணயம், பழைய மணிக்கூடு என்று எதையாவது தேடி அலைகிறவர்களே, உங்களுக்கும் ஒரு கிருபா இருப்பான், அதனால் உங்களிடம் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மொன்றியலுக்கு வந்த நாளில் இருந்து ஓய்வு பெறும்வரை ரெஸ்ட்டோரண்டுகளில் கோப்பை கழுவினேன். எங்கள் ஊரில் பீங்கான் தட்டுக்கும் கோப்பை என்றுதான் பெயர். இனி ஒரு கோப்பையைக் கண்டாலே ஓடிவிடுவேன் என்று சனம் நினைத்தது. நானோ லாசாலில் இருக்கும் எங்கள் சின்ன அப்பார்ட்மெண்டைக் கோப்பைகளால் நிரப்பத் தொடங்கினேன். எல்லாம் அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் செய்தவை. சாதாரண மண்ணைச் சுட்டு, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சுப் பூசி, அதன் மேல் நீலத்தால் படம் கீறியவை. டெல்ஃப் என்று பெயர். கிருபா கோயிலில் வைத்து ஆட்களுக்குச் சொன்னது இது: "அத்தான் வேலையில கழுவினது காணாதெண்டு இப்ப வீட்டிலயும் கழுவுறார்."

செத்த சத்தம்

மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடை. மழைக்கு ஒதுங்கித்தான் முதல்முறை உள்ளே போனேன். கடைக்கார மதாம் என் கையில் ஒரு சின்னக் கோப்பையைத் தந்தார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கோப்பையை விரல் மூட்டால் தட்டிப் பார்ப்போம். கிண் என்றால் மேசைக்குப் போகும், டொக் என்றால் குப்பைக்குப் போகும். இதைத் தட்டினேன். டொக். "கசே, மதாம்," என்று திருப்பி நீட்டினேன். உடைந்தது என்று அர்த்தம். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு, சமையல்கட்டில் பொறுக்கியது.

மதாம் சிரிக்கவில்லை. என்னை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் விளிம்பைக் காட்டினார். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே மண் தெரிந்தது, கோதுமை ரொட்டியின் நிறத்தில். சீனப் பீங்கான் கப்பலில் வந்து இறங்கியபோது இந்த ஒல்லாந்தரும் இங்கிலாந்துக்காரரும் வாய் பிளந்து பார்த்தார்களாம். அந்த மண் இவர்களிடம் இல்லை, அந்தச் சூளையும் இல்லை. இருந்த மண்ணுக்கு வெள்ளை பூசி, காணாத நாட்டின் மலையையும் பாலத்தையும் கீறினார்கள். உள்ளே இருப்பது மெத்தென்ற மண். அது கிண் என்று பாடாது. ஆயிரக்கணக்கில் கழுவியிருப்பேன், ஒன்றையாவது பார்த்திருக்கிறேனா? மதாம் கோப்பையைத் திரும்ப என் கையில் வைத்துச் சொன்னார்: "சீனாவுக்குப் போக ஏலாதவன் வீட்டில் இருந்து செய்த சீனா, மிஸ்யூ."

கையில் இருப்பவனுக்கே

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கிழவியின் வீட்டுச் சாமான்களை எல்லாம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. கிருபா ஏற்றிக்கொண்டு போனான். போகிற வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒல்லாந்தர் தங்கள் டெல்ஃப் ஊரின் பெயரைத்தான் எங்கள் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்கும் வைத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். தனமும் கிருபாவும் பிறந்தது நெடுந்தீவில்.

குசினி யன்னலில், ஒரு பூச்சட்டிக்குக் கீழே அது இருந்தது. சட்டியைத் தூக்கினேன். அகலமான கோப்பை, விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. நடுவில் ஒரு நீலப் பறவை, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி. அந்தக் கழுத்தை எப்படிச் சொல்வேன்! ஒரே வளைவு. யாரோ பின்னால் இருந்து கூப்பிட்டது போல அது திரும்பியிருந்தது, கூப்பிட்டது நான்தான் என்று எனக்குப் பட்டது. அடுத்த அறையில் அடுப்பைச் சுற்றி டைல்ஸ் பதித்திருக்கிறது என்று யாரோ சொல்ல, "கவனம், பிடி, வாறன்" என்று கோப்பையைக் கிருபாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். இப்படியான விற்பனைகளில் ஒரு சட்டம் இருக்கிறது. பொருள் யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் உரிமை, மற்றவன் தொடக் கூடாது. அந்நியர்களிடம் அதைக் காக்கத் தெரிந்த நான் மச்சானிடம் கோட்டை விட்டேன்.

டைல்ஸ் எல்லாம் புதுசு. திரும்பி வந்தால் கோப்பை அவன் கார் டிக்கியில். அவனே வாங்கிவிட்டான். "டேய், அது நான் கண்டது!" என்றேன். "அத்தான், நீங்கள் புங்குடுதீவு. நெடுந்தீவுக் கோப்பை நெடுந்தீவானுக்குத்தான் சேரும்." "இது இங்கிலாந்தில செய்ததடா, வெள்ளையில நீலம் ஓடுது பார்!" என்று கத்தினேன். இங்கிலாந்துப் பூச்சின் வெள்ளையில் நீலச் சாயல் இருக்கும், ஒல்லாந்துப் பூச்சில் இராது என்பார்கள்; அந்த வித்தியாசத்தை எப்போதும் நம்ப முடியாது என்று மதாம் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாக இருந்திருக்கும். காரை எடுத்துக்கொண்டே வாக்குத் தந்தான்: "எங்கட சோபா நீலம் அத்தான், அதுக்குப் பொருந்தும். சோபா மாத்தேக்க உங்களுக்கே தாறன்."

ஒரே இழுப்பு

அந்தத் துக்கத்தில் மதாமின் கடையில் இருந்து வேறொரு சின்னக் கோப்பை கொண்டுவந்தேன். ஒரு வீடு, இரண்டு மரம். மரத்துக்கு இலை கீறவில்லை, படம் கீறியவன் பஞ்சால் நீலத்தை ஒற்றியிருந்தான். தனம் அதைப் பார்த்து, "உதென்ன குழந்தைப்பிள்ளை கீறினதே?" என்றாள். சுடுவதற்கு முன் அந்தப் பூச்சு காய்ந்த மாவு போல இருக்கும், தூரிகை பட்டதும் மையைக் குடித்துவிடும், அழிக்கவும் முடியாது, மேலால் திருத்தவும் முடியாது, வைத்த கோடு வைத்ததுதான் என்று மதாம் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

தனம் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டியவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பையை யன்னலடிக்கு எடுத்துப் போனாள். கூரையின் கோட்டை விரலால் ஒருமுறை தொடர்ந்தாள், பிறகு புகைக்கூட்டை, பிறகு மரத்தை. தேத்தண்ணி ஆறிப்போனது. "எங்களுக்கு ஒரு வெட்டுப் பிழைச்சால் சூப்பர்வைசர் வந்து நிண்டு கத்துவான். பாவம், இவனுக்கு ஆர் கத்தினதோ தெரியாது, கை நடுங்கவே இல்லையப்பா."

சோபா மாறியது

கிருபா வீட்டில் புதுச் சோபா வந்திருக்கிறது, மண்ணிறம் என்று தனம் போனில் கேட்டுச் சொன்னாள். மறுநாளே கோப்பையைச் சுற்ற ஒரு தடித்த துவாயும் பையுமாகக் கிருபா இருக்கும் பியர்பொன்ட்ஸுக்குப் பஸ் எடுத்தேன். அது பஸ் பயணம் இல்லை, யாத்திரை. இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது.

பறவை சுவரில் இருந்து என்னைத்தான் பார்த்தது. கிருபா தேத்தண்ணி தந்தான், பலகாரம் தந்தான், மகளின் கலியாணப் பேச்சைக் கதைத்தான். நான் துவாயை எடுத்து மடியில் வைத்தேன். அவன் கண்டும் காணாதவன் போல இருந்தான். "சோபா மாத்தியாச்சு, கிருபா," என்றேன். அவன் சோபாவைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், குசினிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்: "அதுதான் அத்தான் பிரச்சினை. மண்ணிறத்துக்குத்தான் நீலம் எடுப்பாத் தெரியுதெண்டு மனிசி சொல்லுறா."

மீன்

ஜூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறும் நாள். நடைபாதை முழுக்க மெத்தையும் அலுமாரியும் கிடக்கும். எங்கள் தெருவில் ஒரு பெட்டிக்குள், உடைந்த கண்ணாடிகளுக்கு அடியில், ஒல்லாந்து டைல் ஒன்று கிடந்தது. சுண்ணாம்பு ஒட்டியபடி. ஒரு பெரிய மீன், அதன் வாயில் ஒரு மனிதன் பாதி. கடலில் நடந்த விபத்து என்று நினைத்துப் பரிதாபப்பட்டு, கழுவிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மேல்மாடியில் இருக்கும் மரியதாஸ் அண்ணை மன்னாரில் கடல் தொழில் செய்தவர். ஞாயிறு பூசை முடிந்து வந்தவரிடம் காட்டினேன். "அண்ணை, மீன் ஒண்டு மனிசனை விழுங்குது, பாருங்கோ." அவர் டைலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் கதிரையில் இருந்துவிட்டார். உள்ளங்கை அளவுக்குள் கடல், கரை, தூரத்தில் ஒரு கோயில், அலைக்கு நாலே நாலு கோடு. அந்த நாலு கோட்டில் காற்று எந்தப் பக்கம் இருந்து அடிக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார்: "உது யோனா தீர்க்கதரிசி. மீன் விழுங்கேல்ல, கரையில துப்புது. வடிவாப் பாரும், மனிசன்ர முகத்தில என்ன சந்தோசம்!"

ஆராத்தி

கிருபாவின் மகளின் கலியாணம். மனம் கேட்காவிட்டாலும் முன் வரிசையில் இருந்தேன், மாமா முறை. தாலி கட்டி முடிந்தது. ஆராத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் எழும்பினார்கள், ஒருத்தி மாப்பிள்ளை வீட்டுப் பெண், மற்றவள் என் தனம். அவர்கள் கையில் வந்த தட்டைப் பார்த்தேன். வெள்ளித் தட்டு இல்லை. நீலப் பறவை! வீடியோவில் நல்லாக விழும் என்று கிருபாவின் மனைவி சுவரில் இருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். அதற்குள் மஞ்சள் கரைத்த தண்ணீர், வாழைப்பழத் துண்டுகள், துண்டுகளில் எரிகிற திரிகள்.

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சூடு பட்டால் பூச்சு வெடிக்கும். விளிம்பு உதிர்ந்த இடத்தால் தண்ணீர் மண்ணுக்குள் போகும், மஞ்சள் போனால் திரும்பி வராது. நான் எழும்பிவிட்டேன். ஆனால் ஆராத்தியை இடையில் நிறுத்துகிறவன் யார்? பிள்ளைக்கு அபசகுனம் என்று ஹோலே என்னை அடிக்க வரும். மேளம் முழங்குகிறது, தட்டு சுற்றுகிறது, தண்ணீருக்கடியில் பறவை ஆடுகிறது. திரி வெளிச்சத்தில் அதற்கு உயிர் வந்துவிட்டது. பயத்தில் நின்ற நான் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் சுவரில் பார்த்த பறவை அது இல்லை. சுற்றி முடித்து என்னைக் கடந்து போகும்போது தனம் தட்டை அசைக்காமல் வாய்க்குள் சொன்னாள்: "கத்தாதேங்கோ. நெருப்புப் படாமல் பழத்தைப் பறவையில இருந்து தள்ளித்தான் வச்சிருக்கிறன்."

கடைசிக் கழுவல்

பின்னால் குசினிக்கு ஓடினேன். சமையல்காரர் ஒருவர் கோப்பையை ஒரு கையிலும் சட்டி தேய்க்கிற கம்பித் தும்பை மறு கையிலும் வைத்திருந்தார். "அண்ணை, கையெடுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் விலகிக்கொண்டார். கோட்டைக் கழற்றிக் கொழுவினேன். வெதுவெதுப்பான தண்ணீர், வெறும் உள்ளங்கை. என் வாழ்க்கையில் கழுவியதிலே இதுதான் கோப்பை. பின்புறத்தில் சூளையில் அதைத் தாங்கிய முளைகளின் தழும்பு மூன்று, கைக்குத் தட்டுப்பட்டது. யாரோ ஒருவன் இதை இப்படித்தான் இரண்டு கையாலும் ஏந்திச் சூளைக்குள் வைத்திருப்பான். பூச்சு வெடிக்கவில்லை. ஆனால் விளிம்பில் உதிர்ந்திருந்த இடத்தால் மஞ்சள் உள்ளே இறங்கி, பறவையின் அலகுக்கு நேரே தானிய மணி போல ஒரு பொட்டாக நின்றது. கழுவக் கழுவப் போகவில்லை. பறவை திரும்பிப் பார்த்தது அந்தத் தானியத்தைத்தானோ என்று தோன்றியது. சேர்க்கிறவன் கண்ணுக்கு அது கறை. எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை.

கோட்டு பக்கத்தில் தொங்கியது. குசினியில் வேறு யாரும் பார்க்கவில்லை. உங்களில் யாருக்கும் வருகிற நினைப்பு எனக்கும் வந்தது. அதற்குள் கிருபா வந்துவிட்டான். மகளை அனுப்பிவிட்டு அழுத கண். இதுதான் நேரம் என்று, "கிருபா, இதைப் பழுதாக்கிப் போட்டியள். இனியாவது என்னட்டைத் தா," என்றேன். அவன் கோப்பையை என் கையில் இருந்து மெல்ல எடுத்தான். சட்டம் உங்களுக்குத் தெரியும், இனி அது அவன் கையில். மஞ்சள் பொட்டைப் பெருவிரலால் தடவினான். அவன் ஒரு கோப்பையை அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. நான் பார்க்கிற மாதிரியே பார்த்தான். "என்ன அத்தான் கதைக்கிறியள்? பிள்ளையின்ர கலியாண மஞ்சள் இதுக்குள்ள போயிட்டுது. இனி இதை ஆருக்கும் குடுக்க ஏலுமே?"

கம்பித் தும்பிடம் இருந்து ஒரு பறவையைக் காப்பாற்றத் தெரிந்த எனக்கு, மஞ்சள் ஊறிய பொருளைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கேட்கிற வழி மட்டும் இன்றுவரை தெரியவில்லை என்றாலும், கிருபா அதை எனக்குத் தரத்தான் வேண்டும்.