குறை சொல்ல ஒன்றுமில்லை

கரவெட்டிப் பக்கத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்கு நான் பொறுப்பாளர். காலை ஆறு மணியிலிருந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பால் வந்து இறங்கும். பத்து மணிக்குப் பவுசர் என்கிற தாங்கி லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் ஆளையாள் ஏசிக்கொண்டிருப்போம். ஏச்சு என்றதும் கோபம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் நிலையத்தில் கதைக்கிற முறையே அதுதான். ஒருவரை இரண்டு நாள் ஏசாமல் விட்டால், "என்ன, உங்களுக்குள்ளை ஏதும் மனத்தாங்கலோ?" என்று மற்றவர்கள் கேட்பார்கள்.

போன வருடம் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஊழியர் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே எழுதி, தனக்குத் தானே ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி போடவேண்டுமாம். தொடர்பாடல் திறன், குழுவாக இயங்கும் திறன், தலைமைத்துவம் என்று ஒரு பக்கம் நிறையக் கேள்விகள். வாசிக்கும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வர எனக்கு அதிக நேரம் பிடிக்காது. பால் பார்க்கிற சனத்தைப் பரீட்சைக்கு இருத்துகிறார்களே என்று புறுபுறுத்துக்கொண்டே எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன்.

எங்களிடம் பால் பரிசோதிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறா. பிள்ளை என்பது என் வாய்ப் பழக்கம். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகளின் தாய். அவவின் மூன்று வருட ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிய இருந்தது. அதற்குள் நிரந்தரமாக்கினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. புருசன் வீடு கட்டுகிற மேசன். மாரி மழை தொடங்கினால் அந்த மனிதருக்கும் வேலை இல்லை. நிரந்தரமாக்குவதா விடுவதா என்பதைக் கொழும்பு இந்தப் படிவத்தை வைத்துத்தான் பார்க்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவவுக்கும் சொன்னேன்.

சொல்லியும் என்ன பிரயோசனம்? அடுத்த நாள் படிவம் திரும்பி வந்தபோது எல்லாக் கேள்விக்கும் நேரே இரண்டு என்று போட்டிருந்தது. "உங்கள் விசேட திறமைகள்" என்ற இடத்தில் "அப்படி ஒன்றும் இல்லை." "இந்த வருடத்தில் நீங்கள் சாதித்தவை" என்ற இடத்தில் "வேலை செய்தேன்."

"என்ன பிள்ளை இது? உனக்கு விசரோ?" என்றேன்.

"பின்னை என்ன சேர் எழுதுறது? நான் நல்லாச் செய்யிறன் எண்டு நானே எழுதுறதோ? பாக்கிற ஆக்கள் சிரிப்பினம்."

"அஞ்சு போட வேண்டாம். ஒரு நாலெண்டாலும் போடன்."

"நாலு போட நான் ஆர்?" என்றுவிட்டுப் பால் கானைத் திறக்கப் போய்விட்டா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. படிவத்தின் அடியில் பொறுப்பாளரின் கருத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறதல்லவா? அதில் நான் தூக்கி நிறுத்திவிடலாம். கன நேரம் யோசித்து, பேனையைத் துடைத்து, வடிவான எழுத்தில் எழுதினேன்: "இவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை." எழுதி முடித்தபோது, கொஞ்சம் கூடப் போய்விட்டதோ என்று கூச்சமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒருவர் அப்படிச் சொன்னால், சமைத்தவர் அந்த வருடம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்.

நாலாம் நாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. ஊழியர் விசயம் பார்க்கிற ஆளணிப் பிரிவில் இருக்கும் ஒரு மேடம்; எங்கள் வாயில் மடம். குரல் தன்மையாகத்தான் இருந்தது.

"இவங்களை எடுக்கிறது கஷ்டம் போல இருக்குங்க. அவங்களே ரெண்டு போட்டிருக்காங்க. நீங்களும் பெருசா ஒண்ணும் எழுதலை."

"எழுதியிருக்கிறன் தானே மடம். குறை சொல்ல ஒண்டுமில்லை எண்டு."

"அதைத்தான் சொல்றேன். நல்லதா ஒண்ணுமே இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது எழுதி அனுப்புங்க, பார்க்கலாம்."

போனை வைத்துவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் வேலையை அவவின் வெட்கமும் என்னுடைய ஒற்றை வரியும் சேர்ந்து தின்னப் பார்க்கின்றன. எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

நான் மட்டும் எழுதினால் போதாது, நாலு பேர் சொன்னதாக இருக்கட்டும் என்று, மறுநாள் காலை பால் கொண்டு வந்த ஒரு பெரியவரைத் தனியே கூப்பிட்டேன். ஆறு மாடு வைத்திருக்கிறவர். "எங்கடை பால் பாக்கிற பிள்ளையைப் பற்றி நல்லதா நாலு சொல் சொல்லுங்கோ" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஏன் தம்பி, பிள்ளைக்கு என்ன? நேற்றும் நல்லாத்தானே நிண்டது? ஆசுப்பத்திரியிலையோ?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆள் உயிரோடு இருக்கிறபோது எங்கள் சனத்திடம் நல்ல சொல் வாங்கமுடியாது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. "ஒண்டும் இல்லை அண்ணை. அவவிலை முறைப்பாடு ஏதும் இருந்தால் சொல்லுங்கோ, எழுதவேணும்" என்றேன்.

மனிதருக்கு வாய் திறந்துவிட்டது. "முறைப்பாடோ? எழுது. என்ரை மாட்டுக்கு மடியிலை வருத்தம் எண்டு பாலைப் பாத்தே எனக்கு முந்தி உவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. வைத்தியரிட்டைக் காட்டு, காட்டு எண்டு நாலு நாளா ஒரே ஆக்கினை. காட்டின பிறகும் விட்டாளோ? மாட்டுக்கு எப்பிடி எண்டு ஒவ்வொரு நாளும் விசாரணை. என்ரை பெஞ்சாதி கூட என்னை உப்பிடி விசாரிக்கிறேல்லை."

ஒற்றை மாடு வைத்திருக்கும் ஒரு அம்மா சொன்னா: "பாலுக்குக் குடுக்கிற கணக்குத் துண்டிலை என்ன கிடக்கெண்டு எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு நாள் மறிச்சு வச்சு வரிவரியா விளங்கப்படுத்தினவள். வீட்டை போக உலையிலை கிடந்த சோறு கரிஞ்சு போச்சு." பவுசர் சாரதிக்கு அதைவிடக் கோபம். தாங்கிக்குள் மூக்கை வைத்து மணந்து பார்க்காமல் ஒரு சொட்டுப் பால் ஏற்ற விடமாட்டாவாம். ஒரு நாள் அவர் கழுவிக்கொண்டு வந்ததைத் திரும்பவும் கழுவ வைத்தாவாம். "நான் முறைச்சுப் பாத்தன். அவா அதைவிட முறைச்சா. பிறகென்ன, கழுவினன்."

இரண்டு காலையில் ஒன்பது முறைப்பாடு சேர்ந்தது. ஒன்றையும் மாற்றாமல், அவரவர் சொன்ன சொல்லிலேயே தட்டச்சு செய்து, மேலே "இவர் மீதான முறைப்பாடுகள்" என்று தலைப்புப் போட்டு வியாழக்கிழமை அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுத் தூக்கி எறிந்தார்கள் என்றால் முழுப் பழியும் எனக்கு.

வெள்ளிக்கிழமை மடம் வீடியோ அழைப்பில் வந்தா. அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் இருத்தச் சொன்னா. கதிரையின் நுனியில், கையில் ஈரத்தோடு வந்து இருந்தா இவ. மடம் முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக வாசித்தா. சோறு கரிந்த இடத்தில் சிரிப்பு வந்து வாசிக்க முடியாமல் நிறுத்தினா. இவவோ குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தா.

"இதெல்லாம் மத்தவங்க சொன்னது" என்றா மடம். "நீங்க என்ன சொல்றீங்க? எனக்கு வேண்டாம். அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க."

என் வாழ்க்கையில் இப்படி ஒரு சங்கடத்தில் நான் மாட்டுப்பட்டதில்லை. சுவரைப் பார்த்தேன். "நேரத்துக்கு வருவா" என்றேன்.

"ம்" என்றா மடம். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. கொழும்புக்காரருக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ தெரியாது.

நான் பக்கத்தில் திரும்பினேன். "நீ வாறதுக்கு முந்தி எங்கடை பால் எத்தினையோ தரம் பழுதெண்டு திரும்பி வந்தது. இப்ப வாறேல்லை. அது உன்னாலைதான்" என்றேன். நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "காலமை நான் வரேக்கை உன்ரை சைக்கிள் வாசல்லை நிண்டால்தான் பிள்ளை எனக்கு நெஞ்சு ஆறும். நிக்காட்டி அண்டைக்கு முழுக்கப் பயம்."

இவ சடாரென்று எழும்பி, "பால் கான் கழுவக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டா.

"ஐயோ, கோவிச்சுக்கிட்டாங்களா?" என்றா மடம்.

"இல்லை மடம். சந்தோசம்" என்றேன்.

அதன் பிறகு மூன்று நாள் நானும் அவவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நாலாம் நாள், கழுவிய நிலத்தில் செருப்போடு நடந்தேன் என்று என்னைக் கிழி கிழியென்று கிழித்தா. அப்பாடா என்று இருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. நானே கையில் கொடுத்தேன். வாசித்தா, மடித்தா, கைப்பைக்குள் வைத்தா. ஆனால் போகாமல் மேசைக்கு முன்னால் நின்றா.

"சேர், அண்டைக்கு மடத்துக்கு முன்னாலை சொன்னியளெல்லோ. அதை எழுதித் தருவியளோ?"

"இனி ஏன் பிள்ளை? வேலைதான் நிரந்தரமாப் போச்சே. ஆருக்குக் காட்ட?"

"ஒருத்தருக்கும் இல்லை. நான் வைச்சிருக்கத்தான். என்னைப் பாத்து உப்பிடி ஒருத்தரும் சொன்னதில்லை. காதாலை கேட்டது மறந்துபோகும்."

இருக்கச் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினேன். ஐந்து வரி. ஒரு மணித்தியாலம் பிடித்தது. இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். சைக்கிளைப் பற்றி எழுதவும் வெட்கம், எழுதாமல் விடவும் மனமில்லை. கடைசியில் எழுதினேன். அவ எழும்பி வாங்கி, நின்றபடியே இரண்டு தரம் வாசித்தா. பிறகு தலையை நிமிர்த்தி, நேரே என் முகத்தைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கிறியள் சேர்" என்றா.

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் கடிதமும் அறிக்கையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது அன்றுதான். கண் கலங்கிவிட்டது. அவ பார்த்தா. பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.