காட்டேரிக்குப்பத்துக் கணக்கில் ஒரு பாகூர் வீடு

"ரெண்டு பேப்பருக்கு ஆறாயிரமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், செல்வகுமாரிக்குச் சுர்ரென்று ஏறும். கேட்காத ஆள் கிடையாது. மதகடிப்பட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேலே, படி ஏறினதும் முதல் அறை அவளுடையது. ஒரு வீடு கட்டி முடிக்க எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் போட்டு, கையெழுத்தும் சீலும் வைத்துத் தருவது அவள் தொழில். கிரகப்பிரவேசத்துக்கு ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறவனுக்கு வாய் பேசாமல் எடுத்து வைக்கிற ஜனம், அந்த வீட்டுக்குக் கையில் இருக்கும் பணம் பத்துமா என்று பார்த்துச் சொல்கிறவளிடம் மட்டும் கத்தரிக்காய் பேரம் பேசும்.

"பேப்பர் ஓசிதாங்க. வேணும்னா ஒரு கட்டு எடுத்துக்கினு போங்க" என்பாள். "வெயில்ல வந்து உங்க மனையில குழி வெட்டி மண்ணு பாக்கறதுக்குக் கூலி. கம்பி, சிமெண்ட், மணல், இன்னிக்கு இன்னா வெலைன்னு நாலு கடை ஏறி எறங்கறதுக்குக் கூலி. அப்பறம் கீழ கையெழுத்துப் போடறேனே, நாளைக்குக் கணக்கு ஒதைச்சா பேங்க்காரன் என்னைத்தான் கேப்பான். அதுக்கும் சேத்துதான் ஆறாயிரம்."

இதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள். அவள் புருஷன் அரிகரனும் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். சிரிப்பு வந்தால்தானே. வில்லியனூரில் பிறந்து, பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, ஒரு காண்ட்ராக்டரிடம் பத்து வருஷம் கணக்குப் போட்டவள் அவள். அந்த ஆள் எஸ்டிமேட்டுக்குக் காசே வாங்க மாட்டார். தூண்டிலில் புழு மாட்டுகிறவன் மீனிடம் புழுவுக்குக் காசு கேட்பானா? முதலில் குறைத்துப் போட்டுக் காட்டுவார். அஸ்திவாரம் தோண்டின பிறகு மண் நிரப்புவது தனி, தண்ணீர்த் தொட்டி தனி, காம்பவுண்டு தனி என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதற்குள் வீட்டுக்காரர் பாதிக் கிணறு தாண்டியிருப்பார். அந்தப் பொய்க் கணக்குகளைத் தட்டச்சு செய்ததே செல்வகுமாரிதான். ஒருநாள் அவரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

டவுனில் சில இன்ஜினியர்கள் மொத்தச் செலவில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வாங்குவார்கள். இவள் அதுவும் வாங்க மாட்டாள். "வூட்டுச் செலவு ஏறினா என் கூலியும் ஏறும்னா, செலவைக் கொறைக்க எனக்கு இன்னா தலையெழுத்து?" என்று கேட்பாள். வீடு இந்த அளவு என்றால் ஃபீஸ் இவ்வளவு. சுவரில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தாள்.

புரட்டாசி முடிகிற சமயம் ஒரு காலையில் ஸ்டெல்லா படியேறி வந்தாள். பாகூர்க்காரி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாம்மா வேலை. பின்னாலேயே அவள் புருஷன் மணிவண்ணன். திருபுவனை பக்கம் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஸ்டெல்லா உட்காரவில்லை. மடித்த தாள்களை மேஜைமேல் அடித்து வைத்தாள்.

"நீதான போட்ட இந்தக் கணக்கு? ஜன்னலுக்கு மேல லிண்டல் மட்டம் வர்றதுக்குள்ள துட்டு அத்தினியும் பூடுச்சி. ரூஃப் எவன் போடுவான்? மழை வந்துக்கினு இருக்குது. நீ வந்து குடை புடிப்பியா?"

செல்வகுமாரி அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. தாளைப் பிரித்தாள். அவளுடைய சீல், அவளுடைய கையெழுத்து, அவள் எப்போதும் போடும் கட்டங்கள். மேலே பெயர் மட்டும் மணிவண்ணன் என்று வேறு எழுத்தில் இருந்தது. உள்ளே போனால் செம்மண், நாலடி அஸ்திவாரம், ரோட்டை ஒட்டின மேட்டு மனை. போன வருஷம் காட்டேரிக்குப்பத்து நடேசனுக்கு அவள் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்.

"உங்க மனை எங்க இருக்குது?"

"பாகூர்ல. நெல்லு வயலை பிளாட் போட்டாங்களே, அங்க."

வயல் களிமண். தோண்டினால் ஏழடிக்குக் கீழேதான் கெட்டி மண் வரும். பிறகு ரோடு மட்டத்துக்கு கிராவல் அடித்து நிரப்ப வேண்டும். காட்டேரிக்குப்பத்துச் செம்மண்ணுக்குப் போட்ட கணக்கை வைத்து இவர்கள் பாகூர்க் களிமண்ணில் வீடு கட்டியிருக்கிறார்கள். செல்வகுமாரி தாளை ஸ்டெல்லா பக்கம் தள்ளினாள்.

"இது உங்க வூட்டுக் கணக்கே இல்லம்மா. யாரு வூட்டுக் கணக்கையோ திருடிக்கினு வந்து என்னாண்ட சண்டைக்கு நிக்கிறியா?"

"யாரு திருடனது? காசு குடுத்து வாங்கனது. ஆயிரம் ரூபா."

"யார்கிட்ட?"

மணிவண்ணன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "எங்க கம்பெனி நடேசன் அண்ணன்கிட்ட. ஒரே மாதிரி ரெண்டு ரூம் வூடுதானேன்னு சொன்னாரு. பேரை மாத்தி அவரே பிரிண்ட் போட்டுக் குடுத்தாரு. எங்க கம்பெனில ஏழெட்டுப் பேரு வாங்கிருக்காங்க மேடம்."

ஆக, இந்த எஸ்டிமேட்டைப் போட்டவளைவிட விற்றவன் அதிகம் சம்பாதித்திருக்கிறான். அவளிடம் கொடுக்க மனசு வராத பணம் நடேசனிடம் கொடுக்கும்போது மட்டும் எப்படி வந்தது?

ஸ்டெல்லாவின் நிலைமை இதுதான். கெட்டி மண் வராததால் மேஸ்திரி ஏழடிவரை தோண்டியிருந்தார். பேங்க் லோன் தவணை தவணையாகத்தான் கைக்கு வரும். ரூஃப் போட்டு முடித்தால்தான் கடைசித் தவணை. ரூஃப் போடக் கையில் ஒன்றும் இல்லை. பேங்கில் கேட்டதற்கு, எஸ்டிமேட் போட்ட இன்ஜினியரிடமே திருத்தின எஸ்டிமேட் வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறார்கள். குடும்பம் இருப்பது வாடகை வீட்டில். வாடகையும் வட்டியும் சேர்ந்து இரண்டு சம்பளத்தையும் தின்றுகொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே செல்வகுமாரி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காட்டேரிக்குப்பம் போனாள். நடேசன் புது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"காசு குடுத்து வாங்கனேன் இல்ல பாப்பா? அப்பறம் அது என்னுது. என் சட்டைய நான் நாலு பேருக்குப் போட்டுக்கக் குடுத்தா கடைக்காரன் வந்து கேப்பானா?"

"சட்டையக் குடுங்க. என் கையெழுத்த எவன் தலையில கட்றீங்க? போலீசுக்குப் போறேன் நான்."

"போயேன். மொதல்ல பேங்க்ல அந்தப் பேப்பரக் குடுத்தவன் யாரு? மணிவண்ணன். அவனத்தான் புடிப்பாங்க."

அவர் சொன்னது நிஜம். நடேசன்மேல் புகார் எழுதினால் முதலில் மாட்டுவது ஸ்டெல்லா குடும்பம். புகாரை விழுங்கினால் செம்மண் கணக்கு இன்னும் எத்தனை களிமண் மனைக்குப் போகுமோ தெரியாது, அத்தனையிலும் அவள் சீல் இருக்கும். வாசலில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மற்ற வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்த மனிதன் விற்ற பேப்பரை எவனும் நம்பாதீர்கள் என்று அவர்களுக்கும் கேட்கும்படி கத்திவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

மறுநாள் பேங்கில் லோன் அதிகாரி ஃபைலை அவள் பக்கம் திருப்பி வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "மேடம், சிம்பிள். கம்பி சிமெண்ட் விலை ஏறிடுச்சுன்னு ரெண்டு வரி எழுதி, ரிவைஸ்டு எஸ்டிமேட்டுன்னு சைன் பண்ணிக் குடுங்க. லோனை மூணு லட்சம் கூட்டிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

பக்கத்தில் ஸ்டெல்லா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "போட்டுடுக்கா. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். சண்டை போய் அக்கா வந்திருந்தது.

போட்டுவிடலாம்தான். ஒரு நொடி வேலை. ஆனால் போட்டால் அந்தத் திருட்டுக் கணக்கு அவளுடையது என்று ஆகிவிடும். அதைவிட, மணிவண்ணன் தலையில் இன்னும் மூன்று லட்சம் ஏறும். இருக்கிற தவணைக்கே மூச்சு முட்டுகிறவன் அவன்.

"வெலை எதுவும் ஏறல சார்" என்றாள். "இது என் எஸ்டிமேட் இல்ல. வேற மனைக்குப் போட்டதுல பேரை மாத்திருக்காங்க."

ஸ்டெல்லா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி ஃபைலை மூடினார். "அப்படின்னா இது ஃபோர்ஜரி. லோனையே நிறுத்த வேண்டியிருக்கும்."

செல்வகுமாரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. "நிறுத்துங்க. அந்த ஃபைல்ல இன்னொரு கையெழுத்தும் இருக்குது. உங்க ஆள் மனைக்கு வந்து, அஸ்திவாரம் நாலடி, சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துதான் ரெண்டாவது தவணை விட்டீங்க. அங்க தோண்டனது ஏழடி. எந்தக் குழியப் பாத்தாரு உங்க ஆளு? அவரு கையெழுத்துக்கு இவங்ககிட்ட ஃபீஸ் புடிச்சீங்களே, அது எதுக்கு? நிறுத்தறதா இருந்தா அதையும் சேத்தே விசாரிக்கட்டும். நானே எழுதித் தர்றேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் பேசின குரல் வேறு. எழுதியெல்லாம் தர வேண்டாம் என்றார். லோனைக் கூட்ட முடியாது, பழைய எஸ்டிமேட்டை எடுத்துவிட்டு, நிற்கிற வீட்டை அளந்து உண்மையான கணக்கு ஒன்று கொடுத்தால் கடைசித் தவணையை முன்னாலேயே விடலாம், அந்தப் பணத்துக்குள் கட்டி முடிக்கிற அளவுக்கு வீட்டைக் குறைத்துக்கொள்ளட்டும் என்றார்.

வெளியே வந்ததும் செல்வகுமாரி சொன்னாள். "நாளைக்கு அளக்க வர்றேன். ஃபீஸ் ஆறாயிரம்."

"இதுக்குமா? எங்க நெலமயப் பாத்தும் கேக்கறியா நீ?"

"கேப்பேன். ஓசியில போட்டா அது யாரு கணக்கும் இல்ல. துட்டு வாங்கிக்கினாதான் நாளைக்கு என் வூட்டு வாசல்ல நின்னு நீ திட்டலாம்."

ஸ்டெல்லா விடுவிடுவென்று நடந்தாள். ஆனால் மறுநாள் பணம் தயாராக இருந்தது.

செல்வகுமாரி வெயில் ஏறி இறங்கும்வரை அங்கேயே இருந்தாள். சுவர் சுவராக அளந்தாள், மிச்சம் இருந்த கம்பியை எடை போட வைத்தாள், கான்கிரீட்டுக்கு அடியில் பலகை அடிக்கிற சென்ட்ரிங் கூலிக்கு மேஸ்திரியோடு சண்டை போட்டாள். எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் ஒரு ரூமுக்கும் ரூஃப் போடலாம். கிழக்கு ரூமுக்குப் பணம் இல்லை. அதைச் சொல்லும்போது அவள் ஸ்டெல்லா முகத்தைப் பார்க்கவில்லை. ஏழடி என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இன்னும் சின்னதாக, ரூஃப் போட்ட இரண்டு ரூம் இதே பணத்தில் வந்திருக்கும். இப்போது வராது. போன பணம் மண்ணுக்கடியில் இருக்கிறது.

ரூஃப் கான்கிரீட் போட்ட அன்று மழை விட்டிருந்தது. ஆட்களுக்கு டீ கொண்டுவந்த மணிவண்ணனின் தங்கை வெண்ணிலா, செல்வகுமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டெல்லாவை ஓரமாகக் கூப்பிட்டாள். அடுத்த தெருவில் அவளும் மனை வாங்கியிருந்தாள்.

"அண்ணி, அந்தப் புதுப் பேப்பரை எனக்கு வாட்சப்புல அனுப்பேன். இதே வயலுதான, இதே மண்ணுதான."

செல்வகுமாரி வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா வெண்ணிலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கிழக்கு ரூமில் நிறுத்தினாள். சுவர் லிண்டல்வரை இருந்தது. அதற்குமேல் ஆகாயம். தரையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

"இங்கதான் எம் பொண்ணு படிக்கும்னு ஜன்னல் வெச்சேன்" என்றாள் ஸ்டெல்லா. "ஆயிரம் ரூவாப் பேப்பரு இதைத் தின்னுடுச்சி. புதுசு நிக்கிற என் சுவரை அளந்து போட்டது. உனுக்கும் அனுப்பட்டுமா? எந்த ரூமைக் குடுப்ப நீ? சொல்லு, அனுப்பறேன்." சொல்லும்போதே குரல் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வெண்ணிலா கையிலிருந்த டீ கேனை எங்கே வைப்பதென்று தேடினாள்.

இத்தனை வருஷத்தில் செல்வகுமாரிக்காக யாரும் இப்படிப் பேசினதில்லை. சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இதைச் சொல்ல ஒருத்தி ஒரு ரூமை இழந்துவிட்டு வர வேண்டுமா என்று, யார்மேல் என்று தெரியாத கோபம்தான் வந்தது. அவளும் அந்தத் தண்ணீரில் இறங்கி ஸ்டெல்லா பக்கத்தில் போய் நின்றாள்.