பலகையில் தொங்கிய பேட்ஜ்

பெட்டி அலறியதும் விஜயகுமாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஹவ், ஆமா, நல்லா கத்துது" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி அடுத்த பெட்டிக்கு நகர்கிறார். அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு கூடினால் கூச்சல் போட்டு ஆட்களை வெளியே விரட்டும் மீட்டர்கள் இவை. செகந்திராபாத் பக்கத்தில் குஷாய்குடாவில் உள்ள ஒரு சோதனைக்கூடத்தில் இவற்றைச் சோதித்து அனுப்புவது அவர் உத்தியோகம்.

குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்டது. தமிழ் போகவில்லை, உருது நடுநடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. பயிற்சிக்கு வருபவர்களுக்கெல்லாம் ஒரே பாடம்தான்: "அலாரம் அடிச்சா மிஷின் கராப், கெட்டுப்போச்சுன்னு சொல்றது நக்கோ, வேணாம். மீட்டரைத் திட்டாதே, என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

தன் பொருளை யாரும் தொடக் கூடாது. ஸ்க்ரூடிரைவரின் பிடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி வைத்திருக்கிறார். அதையும் கேட்காமல் எடுத்துப் போகிற ஒரே ஆள் அஸ்வினி. விருதுநகர்ப் பெண், வேலைக்கு வந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது.

விஜயகுமாரியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம். ஜப்பானில், ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு ஜனங்கள் திரும்பி வந்த ஊர். பள்ளிக்கூட வாசலில் ஒரு கதிர்வீச்சு மீட்டர் நிற்கிறது. "காய் வாங்கப் போறவங்க அதுல நம்பரைப் பாத்துட்டுப் போறாங்க, பாரு. அது பக்கத்துல ஒருவாட்டி நிக்கணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். போன மாதம் அந்த ஊரைப் பார்த்துவர ஓர் ஆளை அனுப்ப ஆணை வந்தது. ஆணையில் இருந்த பெயர் அஸ்வினி.

விஜயகுமாரிக்குப் பொறுக்கவில்லை. அஸ்வினி கொடுத்த பாதுஷாவை இழுப்பறையில் எறும்புக்கு விட்டார். அந்தப் பெண் போனைப் பார்த்து ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லிப் பழகினால், இங்கே வேண்டுமென்றே ஒரு பெட்டியை அலற விடுவார். அவளுக்குப் புது ஸ்வெட்டர் வந்த அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அப்போதுதான் பேட்ஜ் கணக்கு வந்தது. கதிர்வீச்சுப் பொருளோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு பட்டது என்று அது காட்டும். வெளியே போகும்போது பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அஸ்வினியின் பேட்ஜ் இருக்கக் கூடாத அளவு காட்டியது. சோதனைக்கூடத்தைப் பூட்டினார்கள். கதிர்வீச்சுப் பொருளை வைக்கும் ஈயப் பெட்டிகளில் கசிவு தேடினார்கள், கிடைக்கவில்லை. விசாரணை முடியும்வரை அஸ்வினி எங்கும் போக முடியாது. அவளுக்குப் பதில் விஜயகுமாரி போகலாம் என்றார்கள். அவர் பாஸ்போர்ட்டைத் தூசி தட்டி எடுத்தார்.

என்ன நடந்தது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஜப்பான் பேச்சு வருவதற்கு முன்பு, விடாத இருமலுக்காக அஸ்வினிக்கு நெஞ்சில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். "துணைக்கு வாங்கக்கா" என்றாள். தார்நாகா ஆஸ்பத்திரியில் சங்கிலியையும் கம்மலையும் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஸ்கேன் எடுத்தவர் பிறகு வந்து, ஸ்கேன் எடுக்கும்போது இதுவும் சட்டைப் பையில் இருந்தது, இறங்கும்போது விழுந்துவிட்டது என்று ஒன்றை நீட்டினார். பலகையில் இருக்க வேண்டிய பேட்ஜ்; ஸ்கேனின் கதிர்வீச்சு முழுவதும் அதில் ஏறியிருந்தது. உடம்பு சரியில்லாத பெண் திட்டு வாங்க வேண்டாமென்று விஜயகுமாரி அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பியதும் சத்தமில்லாமல் பலகையில் மாட்டிவிட்டார். அன்று அது பாசம்தான். இப்போது வாயைத் திறக்காமல் இருப்பது பாசமல்ல என்று அவருக்கே தெரியும்.

விசாரணையில் மேலதிகாரி வேணுகோபால் மறுபடி மறுபடி கேட்டார். அஸ்வினி அழுதுவிட்டாள். "ஸ்கேன் எடுத்தப்ப பேட்ஜ் பலகைலதான் சார் இருந்துச்சு. திரும்பி வந்து நானே பாத்தேன். இந்த பேட்ஜ்தான் பொய் சொல்லுது!"

"பேட்ஜைத் திட்டாதே" என்று விஜயகுமாரியின் வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிவிட்டது. "என்ன நடந்துச்சுன்னு…"

 எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஜப்பான் படத்தில் இருந்த பள்ளிக்கூட வாசல் அவர் கண்ணுக்குள் வந்து நின்றது. பிறகு வலது கையை மேசைமேல் நீட்டி, அஸ்வினிக்கு முன்னால் விரித்தார்.

"உன் சங்கிலி, கம்மல் எல்லாம் இந்தக் கைலதானே குடுத்துட்டுப் போனே? ஸ்கேன் எடுத்தவன் உன் பேட்ஜையும் இதுலதான் குடுத்தான். உன் பைல இருந்துச்சாம். நான்தான் கொண்டாந்து பலகைல மாட்டினேன்."

அஸ்வினி எழுந்து வந்து, "அக்கா…" என்று அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். விஜயகுமாரி கையை இழுத்துக்கொண்டார். அவள் கோட்டுப் பையில் செருகியிருந்த, சிவப்புப் பிடி போட்ட தன் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.