துணைக்கருவிக்கு முழு மதிப்பெண்

தெருமுனை இஸ்திரிக்காரர் காஸ் பெட்டிக்கு மாறிப் பல வருடமாயிற்று. நேற்று சிலிண்டர் தீர்ந்துபோக, பழைய கரிப்பெட்டியை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். தேய்க்கக் கொடுத்த சேலையை வாங்கப் போன நான் அந்தப் புகையில் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன டீச்சர், கண்ணு எரியுதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

வேலிக்கருவைக் கரியின் வாசம் அது, சீமைக்கருவேலம் என்பார்களே, அந்த மரம். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை ஏமாற்றினாலும் வேலிக்கருவை ஏமாற்றாது. வெட்டி அடுக்கி, மண் பூசி, உள்ளே தீ வைத்துக் கரிமூட்டம் போடுவார்கள். எண்பதுகளின் கடைசியில், ஆசிரியர் பயிற்சி மாணவியாகப் பரளச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு நடத்தப் போனேன். சேலை அவிழாமலிருக்க எத்தனை ஊக்கு குத்தியிருந்தேன் என்பதைச் சொல்வதாயில்லை. வேதக்கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவப் பிள்ளைகள், காடுகரை வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள், மூட்டம் போடுகிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பில்.

பயிற்சிப் பள்ளியில் குழந்தை மனவியலைக் கரைத்துப் புகட்டியிருந்தார்கள். எந்த வீட்டுப் பிள்ளையிடம் எதைக் கேட்கக் கூடாது என்று மட்டும் ஒருவரும் சொல்லித்தரவில்லை. சொன்னதெல்லாம், சார்ட்டில் வரைந்த படத்தைவிட நிஜப்பொருளைக் காட்டினால் துணைக்கருவிக்கு மதிப்பெண் கூட என்பதுதான். பூவைப் பற்றிய பாடமென்றால் பூவையே கொண்டுபோவோம். சுத்தம் பற்றிய பாடத்தன்று, மதிப்பெண் போடப் பயிற்சிப் பள்ளி விரிவுரையாளர் அம்மா வந்து பின்னால் உட்கார்ந்ததும் என் மூளை படுவேகமாக வேலை செய்தது. மூட்டக்காரர் மகள் காளீஸ்வரியை அழைத்தேன். சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். அவள் கையை விரித்து வகுப்புக்குக் காட்டினேன்.

"இது என்ன கை?"

"அழுக்குக் கை டீச்சர்!" வகுப்பே கத்தியது.

விரிவுரையாளர் அம்மா தலையாட்டியபடி துணைக்கருவிக்கு முழு மதிப்பெண் போட்டார். காளீஸ்வரி கையைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு இடத்துக்குப் போனாள். நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த கேள்விக்குப் போனேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு மூட்டத்துக்கு நடந்தேன். அவள் அம்மா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"தெனமும் கழுவித்தான் அனுப்புறேன் டீச்சர். நடக்கப் பழகுனதுலருந்து மூட்டத்துலயே கெடக்குற பிள்ளை. கரி தோலுக்குள்ள ஏறிப்போச்சு, என்ன செய்ய?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காளீஸ்வரி குடத்தடியில் குந்தி, செங்கல் பொடி போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை புண்ணாகியிருந்தது.

"வெள்ளையானதும் வாரேன் டீச்சர்" என்றாள்.

"வேணாம் தாயி, இப்படியே வா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமையும் வரவில்லை. மறுபடி மூட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். குத்தகைக்கு எடுத்த மரமெல்லாம் வெட்டித் தீர்ந்ததால் குடும்பத்தோடு நரிக்குடிப் பக்கம் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. நரிக்குடி பஸ் ஏறி, புகை தெரிந்த இடமெல்லாம் விசாரித்தேன். அவர்கள் கிடைக்கவில்லை.

பயிற்சியின் கடைசி நாளில் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை நீட்டி, "அந்தக் கரிமூட்டப் பிள்ளை பேரை நீங்களே அடிச்சிருங்கம்மா, எனக்கு வேலை கெடக்கு" என்றார். நீண்ட நாள் வராததால் நீக்கம் என்று சிவப்பு மையில் எழுதினேன்.

பிற்பாடு பிள்ளைகள் குறைந்து அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பதிவேடுகளையெல்லாம் கரையான் தின்றுவிட்டதாம். காளீஸ்வரி என்று ஒருத்தி அங்கே படித்ததற்குச் சாட்சியாக இருந்தது, அவளை நீக்கிய என் கையெழுத்து ஒன்றுதான். இப்போது அதுவும் இல்லை.