ரோசரியக்கா சேர்த்த பாயிண்ட்

ரோசரியக்காவோடு நான் நான்கு நாள் பேசாமல் இருந்தேன். அதை மறைத்துவிட்டு அவருடைய வெற்றியைச் சொன்னால் யோக்கியமாக இருக்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பேர் கலாதேவி. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் மலிவு விலை அடுக்குமாடியில் நான் இரண்டாம் மாடி, அக்கா எனக்கு நேர் மேலே மூன்றாம் மாடி. லிஃப்ட் என்று ஒன்று அங்கே கிடையாது.

அக்கா பதினைந்து வயதில் ரப்பர் தோட்டத்தில் பாலுக்காகக் கித்தா மரம் வெட்டப் போனவர். கம்பெனி தோட்டத்தை விற்று எங்களையெல்லாம் இந்த அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு, ஒரு கேன்டீனில் பதினான்கு வருடம் சமைத்தார். கணவர் மத்தியாஸ் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அதற்கு அடுத்த வருடம் சர்க்கரை நோய் அக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. கால் போனதற்குக்கூட அவர் அவ்வளவு அழவில்லை. மாடிப்படியைப் பார்த்துத்தான் அழுதார்.

ஒரே மகன் ராட்னி ஜோகூரில் இருக்கிறான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பெற்றவர்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகப் பார்ப்பார்கள்.

"ஜோகூருக்கு வந்துருங்கம்மா. மூணாவது மாடில உக்காந்துகிட்டு அரிசி பருப்புக்கு என்னா பண்ணுவீங்க? கலா ஆன்ட்டி எத்தன நாளைக்குத் தூக்கிக்கிட்டு வருவாங்க?"

"இது என் வீடுய்யா. ஒங்கப்பா இருந்த வீடு. நான் எங்கயும் வரல" என்றார் அக்கா. "டிசம்பர் லீவுக்கு லோரியோட வா. வந்து என் அடுப்படியப் பாரு. ஒரு சாமான் கொறஞ்சிருந்தாலும், எனக்காக எவராச்சும் ஒரு பை மேல தூக்கியிருந்தாலும், நானே ஒன் லோரில ஏறிக்கிறேன்."

அவனும் சரி என்றான். போகும்போது படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நீங்களும் கொஞ்சம் சொல்லுங்க லா" என்றான். சொல்கிறேன் என்றேன். ஒற்றைக் காலோடு தனியாக இருப்பவர் மகனிடம் போவதுதான் நல்லது என்று நானும் நினைத்தேன்.

அக்கா கைப்பேசியை எடுத்தார். ஒரு பேரங்காடியின் செயலியைப் போட்டுக்கொண்டார். அதில் உறுப்பினரானால் வாங்கும் சாமானுக்கெல்லாம் பாயிண்ட் ஏறும், பாயிண்ட்டைக் கொடுத்துச் சாமான் எடுக்கலாம். அது போக, வாரத்துக்கொரு தள்ளுபடிக் குறியீடு வரும், கோட் என்பார்கள். ஆனால் நூற்றைம்பது வெள்ளிக்கு மேல் வாங்கினால்தான் கோட் வேலை செய்யும், சாமானை இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒற்றை ஆள் நூற்றைம்பது வெள்ளிக்கு என்னத்தை வாங்குவது?

இங்கேதான் தோட்டத்து மூளை வேலை செய்தது. தோட்டத்தில் பெருநாள் வந்தால் பத்து வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குவோம். வாழை இலையை வரிசையாக விரித்து, கறி, எலும்பு, ஈரல் எல்லாவற்றையும் பங்கு போடுவோம். எவன் பங்கிலும் ஒரு துண்டு கூடாது, குறையாது. அக்கா அதையே கைப்பேசியில் செய்தார். எங்கள் அடுக்குமாடியில் பதின்மூன்று தோட்டத்து வீடுகளிடம் பட்டியல் வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போட்டார்.

"தள்ளுபடி எல்லாருக்கும் சமம். சாமான் ஒங்களுக்கு, பாயிண்ட் எனக்கு" என்றார். யாரும் மறுக்கவில்லை.

"ஓசில எவன்கா குடுப்பான்? இதெல்லாம் ஏமாத்து வேல லா" என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். சொல்லிக்கொண்டே என் பட்டியலையும் கொடுத்தேன்.

வேன் வந்து கீழே சாமானை இறக்கும். அக்கா சக்கர நாற்காலியில் சன்னலோரம் உட்கார்ந்து, தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுபோல வீடு வீடாகக் கூப்பிட்டுப் பங்கு பிரிப்பார். "சின்னையாண்ணே, ஒங்க கடுகு அந்தச் செவப்புப் பையில!" கடைசியாகத் தன்னுடையது. சன்னல் கம்பியில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றில் பெரிய கூடை கட்டியிருந்தார். டெலிவரிக்காரர் கூடையில் வைத்தால் போதும். முப்பது வருடம் மரம் வெட்டிப் பால் வாளி சுமந்த கை அது. பத்துக் கிலோ அரிசி என் சன்னலைத் தாண்டி மேலே போவதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு பையைக்கூட அவருக்காக யாரும் படியேற்றவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பேரங்காடி ஒரு சலுகை விட்டது. புதிதாகச் சேருபவருக்கு முதல் ஆர்டரில் முப்பது வெள்ளி தள்ளுபடிக்கு ஒரு கோட். சேர்த்துவிட்டவருக்கு ஆளுக்கு ஆயிரம் பாயிண்ட். அக்காவின் கண்ணைப் பார்க்க வேண்டும்! ஒரே சாயங்காலத்தில் பதின்மூன்று வீட்டு அடையாள அட்டைகளையும் மேசையில் அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்தார். எல்லா வீட்டுக்கும் பெருநாள் சாமான் ஆர்டர் போட்டு, பணமும் கட்டியாயிற்று. அக்கா தன்னுடைய ஆர்டருக்கு அந்த மாத அரசாங்க உதவித்தொகையையும், அதுவரை சேர்த்த பாயிண்ட் அத்தனையையும் போட்டுவிட்டார். ராட்னி வரும்போது அடுப்படி நிறைந்திருக்க வேண்டுமே.

திங்கட்கிழமை மத்தியானம் பதினான்கு பேருக்கும் ஒரே செய்தி வந்தது. கணக்கு முடக்கப்பட்டது, ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன என்று.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு படியாகத் தாண்டி மேலே போனேன். "நான் அப்பவே சொன்னனா இல்லியா? என் பெருநாள் காசு போச்சு! ஒங்களுக்குப் பாயிண்ட் வேணும்னா எங்க தலையில ஏன்கா மண்ணள்ளிப் போடுறீங்க?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். அக்கா கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்து ஒரு காரியம் செய்தேன். ராட்னியைக் கூப்பிட்டேன். "லீவு வரைக்கும் காத்திருக்காதய்யா. ஒங்கம்மாவால முடியல. இந்தச் சனிக்கிழமையே லோரி எடுத்துக்கிட்டு வந்துரு" என்றேன்.

அக்காவின் கைப்பேசி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். அதனால் செவ்வாய்க்கிழமை அவர் வாடிக்கையாளர் சேவையோடு பேசியதை என் சன்னலிலிருந்து முழுக்கக் கேட்டேன். அரை மணி நேரப் பாட்டுக்குப் பிறகு ஷர்மினி என்று ஒரு பெண் வந்தாள்.

"ஆன்ட்டி, பதினாலு பேரும் ஒரே அட்ரஸ் போட்டிருக்கீங்க. ஒரு வீட்டுக்கு ஒரு கோட்தான். ஒரே வீட்டு ஆளு பதினாலு பேர்ல சேந்து ஏமாத்துறதா சிஸ்டம் நெனைக்குது."

கேட்டதும் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். தோட்டத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது! எந்த விண்ணப்பப் பாரத்திலும் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்று தோட்டத்துக் குமாஸ்தா கிராணி திட்டித் திட்டிப் பழக்கிய கூட்டம் நாங்கள். சாமான் இறக்க இந்த அடுக்குமாடி விலாசத்தைக் கொடுத்தாலும், உறுப்பினர் விலாசம் என்று கேட்ட இடத்தில் அக்கா ஐசியைப் பார்த்தே எழுதியிருக்கிறார். தோட்டம் போய்ப் பதினெட்டு வருடம் ஆகியும் எங்களில் ஒருவர்கூட ஐசியில் விலாசம் மாற்றவில்லை. கேட்டால், ஓட்டு அங்கேதான் இருக்கிறது என்போம். உண்மை என்னவென்றால் சோம்பல்.

"அம்மாடி, அந்த அட்ரஸ்ல நூத்திருபது வீடு இருந்துச்சு" என்றார் அக்கா. "துரை எல்லாத்துக்கும் சேத்து ஒரே தபால் பெட்டி வச்சிருந்தாரு. நாங்க ஒரு வீடு இல்லம்மா, ஒரு தோட்டம்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு வழி சொன்னாள். பதினான்கு பேருடைய ஐசியும், இப்போது இருக்கும் வீட்டின் கரண்டு பில்லும் படமெடுத்து வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் ஒன்றாக அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லா ஆர்டரும் ரத்து. கட்டிய பணம் திரும்பி வரும், ஆனால் ஒரு மாதம் ஆகும். பாயிண்ட் வராது.

கூடை இறங்கியது. இரண்டு நாள் அது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. முதல் மாடியிலிருந்து பில் போனது, எதிர் பிளாக்கிலிருந்து போனது. சின்னையா அண்ணன் பில்லைக் காட்டினால் பழைய பாக்கி தெரிந்துவிடும் என்று பயந்தார், அவர் மனைவியே பிடுங்கிப் போட்டார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் வேலை முடிந்து வந்தபோது, கூடை என் அடுப்படிச் சன்னலுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கி என்னுடையது மட்டும்தான்.

அக்கா என்னைக் கூப்பிடவில்லை. நானும் போடவில்லை. சனிக்கிழமை லோரி வரப் போகிறது, அதற்குப் பிறகு இந்தப் பாயிண்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு சன்னலைச் சாத்தினேன்.

சாத்தினாலும் குரல் கேட்டது. ராட்னியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள ஆகலன்னா நான் சொன்ன சொல்லுதான்யா, வந்துர்றேன். கட்டில சின்னையாண்ணனுக்குக் குடுத்துரலாம். தையல் மிஷினு கலாவுக்கு."

"அவங்கதான் ஒங்களோட பேசறதே இல்லன்னு சொன்னீங்க?"

"அவளுக்குக் கோவம் வரும், போவும். அந்த மிஷினு மேல அவளுக்கு ரொம்ப நாளா ஆச."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தியை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறேன், அவள் எனக்குத் தையல் மிஷினைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்கிறாள்! பில்லைத் தேடினேன். அவசரத்துக்கு எது கிடைக்கும்? அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. ஐசியோடு சேர்த்துக் கூடையில் போட்டு, கயிற்றை இரண்டு தடவை பலமாக இழுத்தேன். மணி நாலு முப்பத்தெட்டு. கூடை விருட்டென்று மேலே போனது.

வெள்ளிக்கிழமை காலையில் பதினான்கு கைப்பேசியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. பதினான்கும் தனித்தனி வீடு என்று ஒப்புக்கொண்டார்கள். எல்லாக் கணக்கும் திறந்தது, எல்லா கோட்டும் செல்லும். அக்காவின் கணக்கில் புதிதாகப் பதின்மூவாயிரம் பாயிண்ட் ஏறியிருந்தது. சின்னையா அண்ணன் கீழே நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலடித்தார். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு விசில் வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ராட்னி வாடகை லோரியோடு வந்தான். லோரியை நிறுத்த இடமில்லை. பேரங்காடி வேன் குறுக்கே நின்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு வேன் போதாமல் பின்னால் இன்னொன்று.

"ராட்னி!" என்று மூன்றாம் மாடியிலிருந்து குரல் வந்தது. "லோரியக் கொஞ்சம் தள்ளிப் போடுய்யா. மளிகை சாமான் எறங்கணும்."

அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். அரிசி, எண்ணெய், மாவு, கிறிஸ்மஸ் கேக்குக்கு வெண்ணெய் என்று கூடை கூடையாக அவன் தலைக்கு மேலே ஏறியது. கயிற்றை இழுக்கும் கையையும் பார்த்தான். பதின்மூன்று வீட்டு ஆட்களும் கைதட்டினார்கள். லோரிக்காரரும் என்ன ஏதென்று தெரியாமலே தட்டினார்.

மேலே போய் ஒவ்வொரு டின்னாகத் திறந்து பார்த்தான். காலி டின் ஒன்றுமில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"தப்பாச் சொல்லிட்டேன்யா" என்றேன். "அக்கா இங்கயே இருக்கட்டும்." பிறகு அக்காவிடம், "லோரிய வரச் சொன்னது நாந்தான்கா" என்றேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "அவன் திங்கக்கெழமையே சொல்லிட்டான். நீ மொதல்ல அந்த வெண்ணெயத் தூக்கி ஃபிரிட்ஜில வை."

தெரிந்துகொண்டேதான் வியாழக்கிழமை மிஷினை எனக்கு என்றிருக்கிறார். நான் வெண்ணெயைத் தூக்கிக்கொண்டு முகத்தைக் காட்டாமல் ஃபிரிட்ஜ் பக்கம் போனேன்.

அன்று மத்தியானம் ராட்னிக்குக் கோழிக் குழம்பு. சாயங்காலம் வெறும் லோரி ஜோகூருக்குத் திரும்பியது.

செவ்வாய்க்கிழமை நான் அக்கா வீட்டில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது ராட்னி கூப்பிட்டான். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"அம்மா, எங்க வீட்டு வாசல்ல ஒரு வேன் நிக்குது. அரிசி, பால் மாவு, பம்பர்ஸுன்னு என்னென்னமோ எறக்குறான். காசு கட்டியாச்சுங்கிறான். பில்லுல ஒங்க பேரு இருக்கு."

"ஆமாய்யா. அந்தப் பதிமூவாயிரம் பாயிண்ட்ட நான் ஒருத்தி என்னா பண்றது? முட்ட ஒடஞ்சிருக்கான்னு பாத்து வாங்கு. ஒடஞ்சிருந்தா படமெடுத்து அனுப்பு, நான் பேசிக்கிறேன்."

அந்தப் பக்கம் அவன் மனைவி மெலிண்டா மெதுவாக ஏதோ சொல்வது கேட்டது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அம்மா... அடுத்த மாச ஆர்டர் எப்ப போடுவீங்கன்னு மெலிண்டா கேக்குறா. எங்களையும் சேத்துக்குவீங்களா?"

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"அஞ்சாந்தேதிக்குள்ள பட்டியல் வந்துரணும்" என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னார். "லேட்டா வந்தா மகன்னுகூடப் பாக்க மாட்டேன்."