நெரெய்தா விளக்கை மாற்றி வைத்த புதன்கிழமை

நெரெய்தா த்லாதெல்பாவைப் பக்கவாதம் தாக்கியது பிப்ரவரியில். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன, வாயின் இடது ஓரமும் தொங்கிவிட்டது. பதினேழு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு ஆறு வாரம் பார்த்துக்கொள்ள அவள் தங்கை என்னை அமர்த்தினாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்கு முறையாகப் பயிற்சி எடுத்து முப்பத்தெட்டு வருஷம் அதே வேலையைச் செய்தவள் நான். அழுகிறவர்களைவிடத் திட்டுகிறவர்கள் சீக்கிரம் தேறுவார்கள் என்பது என் கணக்கு. நெரெய்தா முதல் நாளே என்னைத் திட்டினாள். சூப்பில் உப்பில்லையாம். சரி, இவள் தேறிவிடுவாள் என்று வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. பிறந்து வளர்ந்ததெல்லாம் தலைநகரை ஒட்டிய இதே நேசா ஊரில்தான். பத்தொன்பது வயதில் ஒரு எழுதுபொருள் கடையின் பின்னறையில் அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் அலுவலகங்கள் கேட்கும் படத்துக்கு விதிகள் உண்டு: பின்னால் வெள்ளை, நெற்றி தெரிய வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், தோடு கூடாது, சிரிப்பு கூடாது, முகத்தில் மினுமினுப்பு கூடாது. அதற்கு இரண்டு விளக்கை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வைத்தால் போதும், நிழலே விழாது. மூன்று வருஷம் அவள் அந்த விளக்குகளை இடம் மாற்றவே இல்லை.

ஒரு நாள், தலையில் சேவல் கொண்டை மாதிரி முடி வைத்த ஒருவன் கட்டாய ராணுவச் சேவை அட்டைக்குப் படம் எடுக்க வந்தான். முகத்திலிருந்தும் காதிலிருந்தும் ஒன்பது வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டான். கொண்டையைத் தண்ணீர் தொட்டு அமுக்கினான். படம் எடுத்து முடித்ததும் ஒன்பதையும் திரும்ப மாட்டிக்கொண்டு, சோப்பு தடவிக் கொண்டையை நிமிர்த்திவிட்டு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். "அது அவங்களுக்கு. இப்போ என்னை எடு" என்றான். அவளும் அதே இரண்டு விளக்கில் எடுத்துக் கொடுத்தாள். படத்தைப் பார்த்தவன், தன் அம்மா ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அவனைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தாள். ஒரு விளக்கை அணைத்தாள். இன்னொன்றைத் தூக்கிப் பக்கவாட்டில் உயரமாக வைத்தாள். அவளுடைய தொழில் அங்கேதான் ஆரம்பித்தது.

அதன் பிறகு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் கூடும் சனிக்கிழமைச் சந்தையில் அவள் படம் எடுக்காத ஆள் கிடையாது. உச்சி வெயிலில் கறுப்பு லேஸ் உடுத்தித் திரிகிறவர்கள், உடம்பு முழுக்கப் பச்சை குத்தியவர்கள், நெற்றித் தோலுக்கு அடியில் கொம்பு வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அவளிடம் வந்தார்கள். பாட்டு வீடியோக்களுக்கும் பூட்ஸ் விளம்பரங்களுக்கும் மாடலாகப் போக வேண்டுமென்றால் நெரெய்தா எடுத்த படம் கையில் இருக்க வேண்டும். அவள் முறை எளிமையானது. வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குடைக்குள் ஒரு ஃபிளாஷ், பின்னால் கறுப்புத் துணி, கையில் கேமரா. ஒரு இடத்தில் நிற்காமல் ஆளைச் சுற்றிச் சுற்றி வருவாள். யாரோ போனில் பிடித்து வைத்திருந்த பழைய வீடியோவில் அதைப் பார்த்தேன். குத்துச்சண்டைக்காரி மாதிரி முழங்காலை மடக்குவாள், அரை அடி நகருவாள், படத்தை எடுப்பாள்.

இப்போது அந்த முழங்கால்களில் ஒன்று அவள் பேச்சைக் கேட்கவில்லை.

வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் பச்சை குத்துபவர்களின் கண்காட்சி நடக்கும். அதன் முகப்புச் சுவரில் ஏழு மீட்டர் உயரத்துக்கு ஒரு முகம் தொங்கும். பதினோரு வருஷமாக அது நெரெய்தா எடுத்த முகம். கண்காட்சியை நடத்துபவர் பிரவுலியோ. நான் வந்த இரண்டாவது வாரம் ஒரு பை நிறைய இனிப்பு ரொட்டியோடு அவளைப் பார்க்க வந்தார். இந்த வருஷம் ஓய்வெடுத்துக்கொள், தெற்கே பெரிய ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன் என்றார். அச்சகத்துக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை மதியம் என்றார். அதற்குள் என் படம் வரும், நன்றாக இல்லையென்றால் அவர் படத்தைப் போடுங்கள் என்றாள். நோயாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அவள் ரொட்டிப் பையைத் தள்ளி வைத்தாள். எர்லிந்தா என் பெயர்; வயதில் மூத்தவள் என்று மரியாதைக்குத் தோன்யா சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

"இந்த வருஷம் போச்சுன்னா அவ்வளவுதான், தோன்யா எர்லிந்தா. அடுத்த வருஷம் கேக்கவே மாட்டாங்க. பாவம்னு ரொட்டி மட்டும் வரும்."

அவள் படம் எடுக்கும் அறை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு படி. தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது, நீயே ஏறினால்தான் படம் என்று சொல்லிவிட்டேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். முதல் நாள் நான்கு படி. பத்தாவது நாள் மேலே போய்த் தொட்டிமேல் கை வைத்து நின்றாள்.

கேமராதான் சிக்கல். வலது கையால் பொத்தானை அமுக்கலாம், ஆனால் லென்ஸைத் தாங்க இடது கை வேண்டும். முக்காலி ஸ்டாண்டில் வைக்கலாமே என்றேன். அது அடையாள அட்டைக்காரர்களுக்கு என்றாள். பிறகு வேறு வழி இல்லாமல் தங்கையிடம் சொல்லிப் பரணிலிருந்து இறக்க வைத்தாள். ஸ்டாண்டு ஆடாமல் இருக்க நடுவில் ஐந்து கிலோ அவரைக்கொட்டைப் பையைக் கட்டித் தொங்கவிட்டேன். கேமராவிலிருந்து ஒரு நீளமான ஒயர், அதன் நுனியில் ஒரு பொத்தான். அதை வலது கையில் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு சுலேமா வந்தாள். சனிக்கிழமைச் சந்தையில் பூட்ஸ் கடை வைத்திருப்பவள், நாற்பத்தொரு வயது, மழித்த தலை. உச்சியிலிருந்து பச்சை குத்திய பாம்பு ஒன்று சுற்றிச் சுற்றி இறங்கிக் கழுத்துக்குள் போகிறது. முகத்தில் ஐந்து வளையம். நடந்தால் கிறீச்சிடும் பளபளப்பான கறுப்புச் சட்டை. இந்த வருஷம் சுவரில் தொங்கப்போகிற முகம் அவளுடையது என்று பிரவுலியோ முன்பே முடிவு செய்திருந்தார். அவளும் நெரெய்தாவும் பதினைந்து வருஷ சிநேகிதம்.

"என்னடி, நீ பாதி ஆளா ஆயிட்டேன்னு சொன்னாங்க?" என்றாள் சுலேமா, வாசலில் நின்று சுவரைப் பார்த்தபடி.

"உனக்கு அந்தப் பாதியே ஜாஸ்தி. உள்ள வா."

காதுக்குப் பின்னால் இருந்த பாம்பின் தலை புதிதாகக் குத்தியது, ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தோல் உரிந்துகொண்டிருந்தது. அதை மறைக்க உச்சியிலிருந்து தோள்வரை வாசலினைக் குழைத்துப் பூசிக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சந்தையில் கேமராவுக்கு முன்னால் எல்லோரும் செய்வதுதான் அது. நனைந்த கல்லில் நிறம் எழுவது போல மை எழுந்து தெரியும்.

நெரெய்தா குடையை வழக்கமான இடத்தில் வைக்கச் சொன்னாள். முதல் படம் எடுத்தாள். திரையில் சுலேமாவின் மண்டையில் வெள்ளையாக ஒரு பொரித்த முட்டை, வாசலினில் பட்டுத் தெறித்த குடையின் வெளிச்சம். குடையின் கம்பிகூட எண்ணலாம். நெஞ்சில் சட்டையின்மேல் இன்னொரு முட்டை. பாம்புக்குத் தலையே இல்லை.

அடுத்த படத்துக்கு அவள் நல்ல முழங்கால் தானாக மடங்கியது. உடம்பு சாய்ந்தது. பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினேன். முப்பது வருஷமாக எந்த மினுமினுப்பையும் இப்படி ஒதுங்கித்தான் தாண்டியிருக்கிறாள், அது அவளுக்கே தெரியாது. இப்போது அவள் ஒதுங்கினாள், கேமரா ஒதுங்கவில்லை. மூன்று காலில் கழுதை மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

கேமராவை ஏற்றினோம், முட்டை மூக்குக்கு இறங்கியது. இறக்கினோம், நெற்றிக்குப் போனது. நாற்பது நிமிஷம் இப்படியே போயிற்று. கடைசியில் நெரெய்தா, அந்த வாசலினை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுங்கள் என்று என்னிடம் சொன்னாள். நான் சுலேமாவின் காதைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பெல்லாம் சிவப்பு, பொருக்கு பாதிதான் விட்டிருந்தது. தேய்த்தால் தோலோடு மையும் வரும், சீழும் பிடிக்கும். முடியாது என்றேன். பரவாயில்லை, தேய்த்துவிடுங்கள் என்று சுலேமாவும் சொன்னாள். நான் ஸ்பிரிட் பாட்டிலை என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நான் இங்க இருக்கிற வரைக்கும் அந்தத் தோல்ல யாரும் கை வைக்க முடியாது. வேற வழி பாரு."

நெரெய்தா என்னைச் சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் சிலிண்டர்காரன் கூவிக்கொண்டு போனான். மறுநாள் மதியத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் இருந்தது. அறையில் புழுக்கமாக இருக்கவே மாடிக் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே கொடியில் நான் காலையில் துவைத்துப் போட்ட படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று வாங்கலாம் என்று சுலேமா கதவுப் பக்கம் திரும்பினாள்.

அப்போது அவளுடைய கறுப்புச் சட்டையில், தோளிலிருந்து இடுப்புவரை, ஒரு வெள்ளைப் பட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. வெறும் கறுப்பாக இருந்த தோள் உருண்டையாகத் தெரிந்தது. மண்டையிலும் அதே பட்டை, அதற்குள் பாம்பின் ஒவ்வொரு செதிலும். கொடியில் தொங்கிய விரிப்பின் பிம்பம் அது.

"அப்படியே நில்லு. அசைஞ்சா கொன்னுடுவேன்" என்றாள் நெரெய்தா. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மினுங்குற சாமானுக்கு வெளிச்சம் அடிக்கக் கூடாது, தோன்யா. அது பாக்குறதுக்கு எதையாவது குடுக்கணும். இத்தனை வருஷம் நான் சின்னக் குடையைக் காட்டியிருக்கேன், அதுவும் சின்னக் குடையைக் காட்டியிருக்கு."

குடையைக் கழற்றினோம். இரட்டைக் கட்டில் விரிப்பை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டினேன். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விரிப்பை இழுத்துக் கட்டுவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது சுலேமாவின் ஒரு பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், தலைக்கு மேலிருந்து தரைவரை நின்றது. ஃபிளாஷ் அதற்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி, துணி முழுக்க வெளிச்சம் பரவும்படி. மறு பக்கம் கறுப்புக் குப்பைப் பை ஒன்றைத் தொங்கவிட்டோம், முகத்தின் அந்த ஓரம் இருட்டாக இறங்குவதற்கு. சட்டையும் கறுப்பு, பின்துணியும் கறுப்பு, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் சின்ன விளக்கைப் பின்னால் தாழ்வாக வைத்து, அட்டையில் விரல் அகலம் கிழித்து முன்னால் மாட்டினோம். அந்தக் கீற்று தோளின் விளிம்பையும் மண்டையின் விளிம்பையும் மட்டும் தொட்டது.

எல்லாவற்றையும் நகர்த்தியது நான். அவள் நாற்காலியிலிருந்து வலது கையால் அதிகாரம் செய்தாள்.

"ஒரு சாண் பின்னால. கட்டில நகத்துற மாதிரி இழுக்காதீங்க."

"கட்டில நகத்தித்தான் எனக்குப் பழக்கம்."

"தெரியுது, தெரியுது. இன்னும் அரைச் சாண்."

கேமராவைச் சுலேமாவின் தாடைக்குக் கொஞ்சம் கீழே வைத்தாள், பாம்பேறிய கழுத்து நீண்டு தெரிய. மூக்கு வளையத்திலிருந்து காதுக்குப் பின்னால் இருக்கும் தலைவரை எல்லாம் துல்லியமாக விழ வேண்டும் என்று லென்ஸின் திறப்பைச் சுருக்கினாள். துணி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிட்டதால் ஃபிளாஷை முழு பலத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு தடவை வெடித்தால் மறுபடி நிரம்ப ஆறு விநாடி.

முட்டை போய்விட்டது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி மண்டை சுத்தமாக மின்னியது. உரிந்த தோல் வாசலினுக்கு அடியில் மறைந்துபோயிருந்தது. ஐந்து வளையத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு.

ஆனால் முகம் மரம். சுலேமா தாடையைத் தூக்கி, உலகத்தை வெறுக்கும் பார்வை ஒன்றை வைத்திருந்தாள். சந்தையில் எல்லோரும் வைக்கும் பார்வை. பத்துப் படமும் ஒரே படம். முன்பெல்லாம் நெரெய்தாவின் முகத்தைக் கேமரா மறைத்திருக்கும். இப்போது அவள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், கையில் பொத்தான்.

"லென்ஸை விடு. என்னைப் பாரு" என்றாள்.

சுலேமா பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே அவள் நெரெய்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

"வாய் கோணிக்கிச்சுன்னுதானே பாக்க மாட்டேங்கிற? நல்லாப் பாருடி. உன் பழைய புருஷன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலாம்."

சுலேமாவின் கண் மெதுவாகத் திரும்பியது. முதலில் கொஞ்சம் பயம், கொஞ்சம் இரக்கம். பிறகு அது இரண்டும் போய் ஒரு புருவம் ஏறியது. திருப்பிக் கொடுப்பதற்கு ஏதோ சொல்ல வாய் திறக்கிற கணம். நெரெய்தா அமுக்கினாள்.

"வந்துடுச்சு" என்றாள், திரையைப் பார்க்காமலேயே.

எதற்கும் இன்னும் நான்கு எடு என்று வற்புறுத்தினேன். எடுத்தாள். அந்த நான்கும் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு, விழுந்த கால் முதலில் வைத்து வீட்டுப் படிகளை இறங்கி, டாக்ஸியில் பிரவுலியோவின் அலுவலகத்துக்குப் போனோம். தெற்குக்காரர் எடுத்த சுலேமா படம் ஏற்கெனவே அவர் கணினியில் இருந்தது. குறை சொல்ல முடியாத படம். அவர் அதைச் சங்கடத்தோடு காட்டினார். நெரெய்தா தன் படத்தைப் பக்கத்தில் போடச் சொன்னாள். அவர் போட்டார். மண்டையைப் பெரிதாக்கினார், காதைப் பெரிதாக்கினார், பாம்பின் கண்வரை போனார். பிறகு முகத்துக்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றுவிட்டார். மற்ற படத்தை மூடியதே அவருக்குத் தெரிந்திருக்காது.

"எந்த ஸ்டூடியோல எடுத்தே? என்ன விளக்கு இது?"

"இரட்டைக் கட்டில் விரிப்பு. பருத்தி."

பிரவுலியோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். உன் உடம்பை நினைத்துத்தான் அப்படிச் செய்தேன் என்றார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல அந்த ஆளுக்குப் போன் பண்ணுங்க. என் முன்னாலயே பண்ணுங்க. அடுத்த வருஷமும் நான்தான்னு இப்பவே ஒரு தாள்ல எழுதுங்க."

போன் செய்தார். எழுதினார். அவள் வலது கையால் வாங்கி, மடிக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். மடித்துக் கொடுத்தேன்.

கண்காட்சிக்குப் பத்து நாள் முன்பே படத்தைச் சுவரில் ஏற்றிவிட்டார்கள். பேருந்தில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். சுலேமா தன் பூட்ஸ் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் அதற்கு எதிரிலேயே நின்றாள் என்று சந்தையில் கேலி பேசினார்கள். பச்சை குத்துகிறவர்கள் தங்கள் ஆட்களை நேசாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அறைக்கு வருகிறவர்களே கம்பங்களையும் துணியையும் நகர்த்தினார்கள். நெரெய்தா பக்கத்தில் நின்று அவர்கள் கண்ணைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினாள், பொத்தானை அமுக்கினாள்.

என் ஆறு வாரம் ஒரு சனிக்கிழமை முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் நின்று, கையை மடக்கி நீட்டும் பயிற்சியை ஒரு நாளும் விடாதே என்று மேலே பார்த்துக் கத்தினேன். அவள் இறங்கி வரவில்லை. மாடியில் ஆள் இருந்தது, வாசலில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். யாரையோ தாடையை இறக்கச் சொல்லி அதட்டும் சத்தம்தான் எனக்குப் பதிலாக வந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.