டாக்டர் ஸரஸா வாங்கிய கம்ப்யூட்டர்

மைசூர் அக்ரஹாரத்தில் பல் வைத்தியம் பார்த்துவந்த ஸரஸா, 1997இல் தன் கிளினிக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். பல் பிடுங்கக் குறடு போதாதா என்று கணவர் வேங்கடேசன் கேலி செய்தார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகையிலை மெல்லுகிறவர்கள் வலி வந்த பிறகுதான் டாக்டரைத் தேடுவார்கள். அதற்குள் வாய்ப்புற்று முற்றி, காரியம் மிஞ்சியிருக்கும். படிக்கிற காலத்திலேயே அப்படிச் செத்தவர்களைப் பார்த்தவள் அவள். அதனால் புகையிலை மெல்லுகிறவர்கள் எந்தப் பல்லுக்காக வந்தாலும் வாயின் உட்புறத்தைப் படமெடுத்து, ஸ்கேனரில் ஏற்றி, ஆள்வாரியாகச் சேர்த்துவந்தாள்.

தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் கெம்பையன் சொத்தைப் பல்லோடு வந்தார். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. படமெடுத்து, புகையிலையை விடச் சொல்லி அனுப்பினாள். அடுத்த வருஷம் இன்னொரு பல்லுக்காக வந்தார். புதுப் படத்தைப் பழையதன் பக்கத்தில் திரையில் வைத்துப் பார்த்தாள் ஸரஸா. திட்டு பரவி, நடுவில் சிவந்திருந்தது.

இரண்டையும் பெங்களூரில் ஒரு புற்றுநோய் நிபுணருக்கு ஈமெயிலில் அனுப்பினாள். போன் லைன் பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. விடாமல் மறுபடி மறுபடி டயல் செய்து, சாயங்காலம்தான் அனுப்ப முடிந்தது. தள்ளிப்போடாமல் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லி மறுநாளே பதில் வந்தது.

கெம்பையனுக்குச் சொல்லியனுப்பினாள். வரவில்லை. படங்களை அச்செடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கே ஆட்டோவில் போனாள்.

“நோவே இல்லீங்களே டாக்டரம்மா. எதுக்குங்க வெட்டோணும்?” என்றார் அவர்.

“இது போன வருஷம், இது இப்போ. ரெண்டும் உங்க வாய்தான். நோவு வந்தப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

கெம்பையன் படங்களை வெயிலில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நடங்க” என்றார்.

புற்று ஆரம்பத்திலேயே பிடிபட்டது. அறுவைக்குப் பின் வாயை முழுசாகத் திறக்க வராவிட்டாலும், ஆள் பிழைத்து மார்க்கெட்டுக்குத் திரும்பினார். கூட வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகக் கிளினிக்குக்கு இழுத்துவந்தவரும் அவர்தான். கூட்டம் சேர்ந்த நாட்களில் வேங்கடேசனும் வந்து, அவர்கள் வாய்க்குள் டார்ச் பிடித்தார்.

சேர்ந்த படங்களை ஆராய்ச்சிக்குக் கேட்டு ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. பெயர்களை எடுத்துவிட்டுத் தருவதாக ஸரஸா சொன்னாள். ஆனால் கல்லூரி டாக்டர்கள் வருஷாவருஷம் தன் கிளினிக்குக்கு வந்து, படத்திலுள்ள ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும் என்றாள். அதற்குக் கல்லூரிக்காரர்கள் சம்மதித்த பிறகுதான் படங்களைக் கொடுத்தாள்.